சித்திரை மாதத்துப் பூச்சாடிகள்: அறிகுறி பார்த்துப் பீடையையும் நோயையும் கண்டறியும் வழிமுறை

கொழும்பில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. ஆயினும் குயில் கூவத் தொடங்கும் மார்ச் மாத நடுப்பகுதியிலிருந்து தென்மேற்குப் பருவமழை கால்வைக்கும் மே மாதம் வரையுள்ள இரண்டு மாதங்களில்தான் நமது பல்கனிகளிலும் கொல்லைகளிலும் செடிகள் விறுவிறுவென்று புதுத் தளிர் விடுகின்றன. அந்தத் தளிரைத் தேடித்தான் பூச்சிகளும் வந்து சேருகின்றன. இந்த இடைப்பருவத்தின் முற்பாதி வெயிலும் புழுக்கமுமாகக் கழியும். பிற்பாதியில் பின்னேரங்களில் இடியுடன் மழை கொட்டும். வெயில் வாரங்களில் கண்ணிற்படும் கோளாறுகளிற் பெரும்பாலானவை சாறு உறிஞ்சும் பூச்சிகளாலும் சிற்றுண்ணிகளாலும் வருபவை. மழை பிடித்தபின் பங்கசும் பற்றீரியாவும் மேலோங்கும். ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும், கடந்த பத்து நாட்களில் இந்தச் செடியின் இலை எத்தனை முறை நனைந்தது என்ற கேள்வியையும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"தம்பி, கொச்சிச்செடி சுருளுது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியின் நான்காம் மாடியில் வசிக்கும் அன்ரி ஒவ்வோர் ஏப்ரலிலும் கேட்பார். "மேல்நோக்கிச் சுருளுதா, கீழ்நோக்கிச் சுருளுதா அன்ரி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கப்படும் மருந்துப் போத்தல்களிற் பாதி வீண் என்பது என் துணிபு. மீதிப் பாதியிலும் ஒரு பகுதி செடிக்குக் கெடுதல்.

பார்க்கத் தொடங்குமுன்

காலை ஏழு மணிக்கு முன்னர் பாருங்கள். அந்த நேரத்தில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், செடியும் வெயிலில் வாடியிராது. பத்து மடங்கு பெருப்பிக்கும் ஒரு கைவில்லை, ஒரு வெள்ளைக் கடதாசி, ஒரு சவர அலகு ஆகிய மூன்றும் போதும். கடதாசியை நுனிக் கிளையின் கீழே பிடித்து, கிளையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால், இலைக்குள் ஒளிந்திருப்பவை கடதாசியில் விழுந்து ஊரத் தொடங்கும்.

பின்னர் சில விடயங்களைக் கவனியுங்கள். கோளாறு புது இலையில் இருக்கிறதா, பழைய இலையில் இருக்கிறதா? செடியின் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா, கடலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இருக்கிறதா? ஒரே வகைச் செடியில் இருக்கிறதா, அல்லது ரோசாவும் கறிவேப்பிலையும் குரோட்டனும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கருகினவா? நோய்க்கிருமிகள் பொதுவாகச் செடியைத் தெரிந்தெடுத்தே தாக்கும். ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று செடிகள் சேர்ந்து கெடுமானால் காரணம் வெயில், உப்புக்காற்று, மிகையான பசளை, தேங்கிய நீர் ஆகியவற்றுள் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். அதற்கு மருந்தில்லை; இடத்தையோ நீரூற்றும் முறையையோ மாற்ற வேண்டும்.

நுனி இலை சுருளுகிறது

மிளகாயில் இது மிகப் பொதுவான முறைப்பாடு. கறிமிளகாய்க்கும் இது பொருந்தும். சுருளும் திசையை முதலிற் பாருங்கள். இலையின் இரு விளிம்புகளும் மேல்நோக்கி மடிந்து இலை தோணிபோல் தோன்றினால், அது பனிப்பூச்சியின் வேலை. கடதாசியில் தட்டிப் பார்த்தால், ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள, வைக்கோல் துரும்பு போன்ற மஞ்சள் நிறப் பூச்சிகள் விரைந்து ஓடும். பூவையும் பிரித்துப் பாருங்கள்; அவற்றுக்குப் பிடித்த ஒளிவிடம் அதுவே.

விளிம்புகள் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த தோணிபோல் இலை ஒடுங்கி, இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டு, இலையின் கீழ்ப்புறம் கபில நிறத்தில் மினுங்கினால், அது மஞ்சட் சிற்றுண்ணி. இதன் நீளம் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் மாத்திரமே ஆகையால் கடதாசியில் எதுவும் தெரியாது. 'பூச்சி ஒன்றுமில்லை' என்று நாம் முடிவுசெய்துவிடுவது இங்கேதான். பூச்சி தென்படாததும் கீழ்நோக்கிய சுருளலும் சேர்ந்து வந்தால் சிற்றுண்ணியைச் சந்தேகிப்பதே சரி.

மூன்றாவது ஒன்றும் உண்டு. இலை சிறுத்து, நரம்பு தடித்து, மஞ்சளும் பச்சையும் கலந்து, கணுக்கள் நெருங்கிச் செடியே குள்ளமாகி, கிளையை அசைத்ததும் வெள்ளை ஈக்கள் மாவு தூவியதுபோல் எழுந்து பறந்தால், அது வெள்ளை ஈ காவிவரும் வைரசு நோய். இதற்குச் சிகிச்சையே இல்லை. அந்தச் செடியைப் பையால் மூடி, பையோடு சேர்த்தே பிடுங்க வேண்டும்; மூடாமல் பிடுங்கினால் ஈக்கள் பக்கத்துச் சாடிக்குப் பறந்துவிடும். காய்க்கும் என்ற நம்பிக்கையில் ஒரு வைரசுச் செடியை இரண்டு மாதம் வைத்திருப்பவர், அந்த மாடியிலுள்ள எல்லா மிளகாய்ச் செடிகளுக்கும் தொற்றைப் பரப்பியவராகிறார். வெண்டியில் நரம்புகள் மாத்திரம் மஞ்சள் வலைபோலத் தெரியும் நோயும் இதே ஈ கொண்டுவருவதுதான், முடிவும் இதேதான்.

பனிப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் போதும். ஒரு லீற்றர் நீருக்கு ஐந்து மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், அதை நீரோடு கலக்கச் செய்வதற்கு இரண்டு மில்லிலீற்றர் மென்மையான திரவச் சவர்க்காரம். முதலில் எண்ணெயையும் சவர்க்காரத்தையும் குழைத்துப் பின்னர் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரில் எண்ணெயை நேரே ஊற்றினால் மேலே மிதந்து, தெளிக்கும்போது ஓர் இலைக்கு நீரும் மற்றோர் இலைக்குத் தனி எண்ணெயுமாகப் போய் அந்த இலை கருகும். வெயில் தாழ்ந்தபின், இலையின் கீழ்ப்புறம் நனைய, ஐந்து அல்லது ஏழு நாட்களுக்கு ஒருமுறை மூன்று தடவை தெளியுங்கள். முதல் நாள் இரண்டு இலையில் மாத்திரம் தெளித்துப் பார்த்து, ஒரு நாள் பொறுத்து மீதியைச் செய்வது நல்லது.

சிற்றுண்ணிக்கு நீரில் கலக்கும் கந்தகத்தூள் பழைய, நம்பகமான மருந்து. அளவு உறையிலுள்ளபடி. வெப்பநிலை 32 பாகையை எட்டும் நேரத்தில் தெளித்தால் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். ஏப்ரல் மாதக் கொழும்பில் நண்பகல் பெரும்பாலும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே இருக்கும் ஆகையால் அதிகாலைதான் உகந்த வேளை. எண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் தெளிக்கலாகாது. பாகல், புடோல், வெள்ளரி இனங்களுக்குக் கந்தகம் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை.

இந்த வேறுபாட்டை நான் கற்றது என் சொந்தச் செலவில். சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு மிளகாய்ச் சாடிகள் சுருண்டபோது, கடையில் கேட்டதற்குக் கொடுத்த ஒரு பூச்சிநாசினியை மூன்று வாரம் தொடர்ந்து தெளித்தேன். ஒவ்வொரு தெளிப்புக்குப் பின்னரும் சுருளல் கூடியது. அந்த மருந்து சிற்றுண்ணியைத் தொடவேயில்லை. சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகளை மாத்திரம் துப்புரவாகத் துடைத்தெடுத்திருந்தது. போத்தலில் எழுதியிருந்த பீடைகளின் பட்டியலில் சிற்றுண்ணி இல்லை என்பதை நான் வாசித்தது நான்காம் வாரத்தில்.

இலை பிசுபிசுக்கிறது, மேலே கரி படிகிறது, எறும்பு ஏறுகிறது

இம்மூன்றும் ஒரே கதையின் மூன்று பகுதிகள். சாறு உறிஞ்சும் பூச்சி மிகையான சீனியைக் கழிவாக விடுகிறது. அந்த இனிப்பின்மேல் கரும்பூஞ்சணம் வளர்கிறது. அதே இனிப்புக்காக எறும்பு வந்து பூச்சியைக் காவல் காக்கிறது. கரும்பூஞ்சணம் நோயன்று. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அதற்குப் பங்கசுநாசினி தெளிப்பது கறையைத் துடைத்துவிட்டுக் குழாயைத் திறந்து விடுவதற்கு ஒப்பானது.

கரி படிந்த இலையில் பூச்சியே இல்லையென்றால் அண்ணாந்து பாருங்கள். கரி எப்போதும் பூச்சிக்குக் கீழேதான் படியும். மேல் கிளையில் செதிற்பூச்சி இருக்கலாம். அல்லது அயல் வளவின் தென்னோலையின் கீழ்ப்புறத்தில் வெள்ளை ஈ சுருள் சுருளாக மெழுகு பூசி முட்டையிட்டிருக்கலாம். தென்னைக்குக் கீழே நிறுத்திய காரின் கண்ணாடியும் பிசுபிசுத்தால் சந்தேகம் தீர்ந்தது. அந்நிலையில் உங்கள் அந்தூரியத்துக்கு மருந்து அடிப்பதில் பயனில்லை, சாடியை நகர்த்துங்கள்.

பூச்சி அந்தச் செடியிலேயே இருந்தால், எது என்று பிரித்தறிவது எளிது. தளிர்த்தண்டில் நெருக்கமாக ஒட்டியிருக்கும் பச்சை அல்லது கறுப்புப் பூச்சிகள் அசுவினி. பயிற்றைக் கொடியில் கறுப்பாகக் காணப்படுபவை இவையே. விரல்களுக்கு இடையே தண்டைப் பிடித்து உருவிவிட்டு, நீரைப் பலமாகப் பீச்சினால் பாதி வேலை முடிந்துவிடும். தண்டில் சிறு செதில்கள்போல் அசையாமல் ஒட்டியிருப்பவை செதிற்பூச்சி. பழைய பல்தூரிகையால் சுரண்டி எடுத்தபின் எண்ணெய் தெளிக்க வேண்டும், ஏனெனில் ஓட்டுக்கு மேலே தெளிக்கும் மருந்து உள்ளே போவதில்லை.

கறிவேப்பிலையின் குருத்து சுருங்கிக் கருகுவதுபோல் தெரிந்தால் கைவில்லையை எடுங்கள். மஞ்சள் நிறத் தட்டையான குஞ்சுகள் குருத்தைப் பற்றிக்கொண்டு, பின்புறத்தில் வெள்ளை மெழுகு இழைகளைச் சுருட்டிச் சுருட்டி வெளித்தள்ளிக்கொண்டிருக்கும். வளர்ந்த பூச்சிகள் தலையைத் தாழ்த்தி, வாற்புறத்தை 45 பாகையில் உயர்த்தியபடி ஆணி அடித்ததுபோல் அமர்ந்திருக்கும். இந்தத் தோற்றம் வேறு எந்தப் பூச்சிக்கும் இல்லாத அடையாளம் என்றே சொல்லலாம். இது தாவரப்பேன் வகையைச் சேர்ந்த ஒன்று; தேசி, தோடை இனங்களைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்புவதும் இதுவே. ஆகவே தேசிச் சாடியையும் கறிவேப்பிலைச் சாடியையும் அருகருகே வைப்பது உசிதமன்று. தாக்கப்பட்ட குருத்துகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அடுத்த குருத்து விரல் நீளம் வரும்போது வேப்பெண்ணெய் தெளியுங்கள். கறிவேப்பிலை நாளாந்தம் சட்டிக்குள் போகும் இலை. அதில் வேறு மருந்து தொடுவதை நான் ஒருபோதும் சொல்வதில்லை.

வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

நகத்தால் சுரண்டுங்கள். பஞ்சுபோல் திரண்டு, நசுங்கி, ஈரமானால் அது வெண்மூட்டுப்பூச்சி. மாவுபோல் பரவி, துடைத்தால் போய்விட்டு, இரண்டு நாளில் மீண்டும் படிந்தால் அது தூட்பூஞ்சணம்.

வெண்மூட்டுப்பூச்சி செவ்வரத்தையிலும் பப்பாசியிலும் மரவள்ளியிலும் அதிகம். இதில் பப்பாசியைத் தாக்கும் இனத்தின் வரலாறு அறியத்தக்கது. 2008 ஆம் ஆண்டில் கொழும்பு, கம்பகா மாவட்டங்களின் வீட்டுத்தோட்டங்களில் அது புதிதாகக் காணப்பட்டது. மருந்துக்கு மசியாமல் வேகமாகப் பரவியது. 2009 இல் அதன் உடலுக்குள் முட்டையிடும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியொன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து விடுவித்தபின்னரே அது அடங்கியது. அந்தக் குளவிக்கும் நம் பூச்சிநாசினி நஞ்சுதான். ஆகவே பப்பாசியில் வெண்மூட்டுப்பூச்சியைக் கண்டதும் தெளிகருவியைத் தேடாதீர்கள். பூச்சிகளுட் சில ஊதி, கபில நிறமாகி, முதுகில் வட்டத் துளையுடன் வெறும் கூடாகக் கிடக்கின்றனவா என்று கைவில்லையால் பாருங்கள். கிடந்தால் குளவி வேலையில் இருக்கிறது. அதை வேலைசெய்ய விடுங்கள். எறும்புகளை மாத்திரம் தடுத்தால் போதும்: தண்டைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி அதன்மேல் கிறீஸ் தடவலாம், கிறீஸை மரப்பட்டையில் நேரே பூசக்கூடாது.

சாடிச் செடியில் சிறிதளவு இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை.

தூட்பூஞ்சணம் ரோசாவிலும் பூசணியிலும் வெண்டியிலும் வரும். ஏனைய பங்கசுகளைப்போல் இதற்கு இலை நனைய வேண்டியதில்லை. காற்றோட்டமற்ற ஈரப்பதம் போதும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து வெயிலுள்ள காலையில் வாரம் ஒருமுறை தெளிப்பது பூசணி இனத்தில் பலன் தருவதாக ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. என் அனுபவத்தில் தொடக்கநிலையில் மாத்திரம் அது உதவும்; இலை முழுதும் வெளுத்தபின் எந்தப் பாலும் காக்காது.

இலையில் ஊசிமுனை அளவில் வெளிர்ப்புள்ளிகள்

மழையில்லாத வாரங்களில் செவ்வரத்தை, கத்தரி, மரவள்ளி இலைகள் தூசி படிந்ததுபோல் வெளிறி, கீழ்ப்புறத்தில் நுண்ணிய வலை தெரிந்தால் அது சிலந்திச் சிற்றுண்ணி. இந்த வெப்பத்தில் ஒரு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை இலையின் கீழ்ப்புறத்தை நீர்ப் பீச்சலால் கழுவுங்கள். முதல் நல்ல மழையோடு இது தானாகவே தணியும்.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறது

தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்ப்பவர்களை மிகவும் கலங்கவைப்பது இதுவே. நேற்று வரை பச்சையாக நின்ற தக்காளி இன்று நண்பகலில் தலைகுனியும், மாலையில் நிமிரும், மூன்றாம் நாள் நிமிராது. வாடுவதைக் கண்டதும் நாம் மேலும் நீர் ஊற்றுகிறோம். அதுவே பல வேளைகளில் முடிவை விரைவுபடுத்துகிறது.

முதலில் சாடியை உயர்த்தி அடித் துளையைப் பாருங்கள். துளை அடைபட்டு, மண்ணில் புளித்த வாடை வீசி, வேர் கபில நிறமாகித் தோல் உரிந்து வந்தால் அது நீர் தேங்கியதனால் வந்த வேரழுகல். தும்புத்தூளை மட்டும் நிரப்பிய சாடிகளில் மேற்பரப்பு உலர்ந்து தோன்றினாலும் உள்ளே சேறாக இருக்கும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்தபின்னரே நீர் ஊற்ற வேண்டும்.

வேர் வெள்ளையாக இருந்தால், வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரை நிரப்பி, வெட்டுமுகம் நீரில் சற்று அமிழும்படி தண்டை அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்போன்ற வெள்ளை நூல் ஒன்று நீருக்குள் நேர் கீழே இறங்கத் தொடங்கினால், அது பற்றீரியா வாடல். பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துப் பார்த்தால் அந்த நூல் ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவதுபோலத் தெளிவாகத் தெரியும். ஆய்வுகூடத்துக்குப் போகாமலே வீட்டுக் குசினியில் உறுதிப்படுத்தக்கூடிய மிகச் சில நோய்களுள் இதுவும் ஒன்று.

உறுதியானதும் செடியை மண்ணோடும் வேரோடும் பையில் கட்டி அகற்றுங்கள். அந்த மண்ணில் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ மீண்டும் நடலாகாது. இந்தப் பற்றீரியா மண்ணில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கீரையோ பயிற்றையோ நடலாம். வெட்டிய கத்தியைக் கழுவி ஸ்பிரிட்டால் துடையுங்கள். கத்தரியும் தக்காளியும் வேண்டுமென்றால் சுண்டங்கத்தரி அடித்தண்டில் ஒட்டிய கன்றுகளை நாடுங்கள். அதன் வேர் இந்த நோயை நன்கு தாங்கும்.

பால் வரவில்லையென்றால் மண்மட்டத்தைப் பாருங்கள். தண்டைச் சுற்றி வெள்ளை நூல் விசிறிபோல் படர்ந்து, அதில் கடுகு விதை போன்ற கபில உருண்டைகள் கிடந்தால் அது கழுத்தழுகல் பங்கசு. உருண்டைகள்தான் அடுத்த பருவத்துக்கான அதன் விதை. மேல்மண்ணை இரண்டு அங்குலம் வழித்தெடுத்து அகற்ற வேண்டும். அதுவுமில்லையென்றால் வேரைக் கழுவிப் பாருங்கள்: முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வட்டப்புழு. பயிற்றை வேரிலும் முடிச்சுகள் உண்டு. ஆனால் அவை பக்கவாட்டில் ஒட்டியிருந்து, விரலால் தட்டியதும் உதிரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அவை நன்மை செய்பவை. வட்டப்புழு முடிச்சு வேரின் வீக்கமே ஆகையால் உதிராது.

மேடையில் முளைத்த நாற்றுகள் மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். சாய்ந்தவற்றைக் காப்பாற்ற முடியாது. புது ஊடகத்தில், ஐதாக, வெயில்படும் இடத்தில் மீண்டும் விதையுங்கள்.

கறுப்பும் கபிலமுமான புள்ளிகள்

மழை தொடங்கியபின் பெருகுபவை இவை. ரோசாவின் கரும்புள்ளி நோய்க்கு இலை ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மாலையில் இலைமேல் நீர் ஊற்றும் பழக்கம் அந்த ஏழு மணித்தியாலத்தை நாமே தட்டில் வைத்துக் கொடுப்பதாகும். காலையில், அடியில் மாத்திரம் ஊற்றுங்கள். புள்ளிவிழுந்த இலைகளையும் உதிர்ந்தவற்றையும் பொறுக்கி அகற்றுங்கள். அதன்பின்னரே பங்கசுநாசினியைப் பற்றி யோசிக்கலாம்.

ஓர்க்கிட் இலையில் வெயில்பட்ட பக்கத்தில் மட்டும் வெளிறிய, தட்டையான, உலர்ந்த திட்டு இருந்தால் அது வெயிற்சூடு. வளையத்துக்குள் வளையமாகக் கறுத்து, நடுவில் நுண்ணிய கரும்புள்ளிகள் இருந்தால் அந்திரக்னோசு என்ற பங்கசு நோய். குருத்து நீர்கோத்து, இழுத்தால் கையோடு வந்து, கெட்ட வாடை வீசினால் பற்றீரியா மென்னழுகல். அழுகிய பகுதிக்கு ஓர் அங்குலம் அப்பால், சுகமான இடத்தில் வெட்டி, செடியை மழைபடாத இடத்துக்கு மாற்றுங்கள்.

அந்தூரியம் தனிக் கவனத்துக்குரியது. இலையின் விளிம்பில், நீர்கோத்த சிறு புள்ளிகள் தோன்றி, மஞ்சள் ஓரத்துடன் கபிலமாகி உள்நோக்கிப் பரவினால் அது பற்றீரியாக் கருகல். அதிகாலையில் அந்தூரிய இலையின் ஓரத்தில் பனித்துளிபோல் தொங்கும் நீர், செடி தன் விளிம்புத் துவாரங்களால் கசியவிட்ட நீரே. கிருமியும் அதே துவாரம் வழியாகத்தான் உட்புகுகிறது. தண்டுக்குள் இறங்கிவிட்ட செடியைக் காப்பாற்ற வழியில்லை. ஒரு செடிக்கும் மறு செடிக்கும் இடையே வெட்டுக்கத்தியைத் தொற்றுநீக்குவதும், நைதரசன் பசளையை, குறிப்பாக அமோனியம் வகையை, மட்டாக இடுவதும்தான் தடுப்பு.

கடலைப் பார்த்த பக்கம் மட்டும் கருகுகிறது

மரைன் டிரைவை அண்டிய மாடிகளில் மே மாதம் தொடங்கியதும் இது வரும். இலையின் நுனியும் விளிம்பும் சீராகக் கருகி, கருகலுக்கும் பச்சைக்கும் இடையே மஞ்சள் வளையம் இன்றி, காற்றுப்படும் பக்கத்தில் மாத்திரம் இருந்தால் அது உப்புக்காற்று. காற்றடித்த நாளின் மாலையில் நல்ல நீரால் இலைகளை அலசிவிடுங்கள். நல்ல வெயிலிருந்தால் இலை இருட்டுமுன் உலர்ந்துவிடும். மழைநாளில் மழையே அலசிவிடும்.

காயில் துளை, காய்க்குள் புழு

பாகலும் புடோலும் பிஞ்சிலேயே மஞ்சளாகிக் கோணினால் தோலில் ஊசி குத்தியதுபோன்ற புள்ளியும் அதில் உறைந்த பிசினும் இருக்கும். பழ ஈ முட்டையிட்ட இடம் அது. பூ உதிர்ந்து இரண்டு மூன்று நாளில் பிஞ்சைக் கடதாசிப் பையால் மூடிவிடுவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. பொறி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாவில் வரும் ஈயைக் கவரும் மெதையில் இயூஜினோல், பாகலில் வரும் ஈயைக் கவராது, அதற்குக் கியூலூர் என்ற வேறு கவர்ச்சிப்பொருள் வேண்டும். துளசியில் மெதையில் இயூஜினோல் இருப்பதனால் கசக்கிய துளசி இலையிட்ட போத்தற்பொறியில் மா ஈக்களின் ஆண்கள் சிக்கும். இவ்வகைப் பொறிகள் ஆணை மட்டுமே பிடிக்கும், பையைக் கைவிடாதீர்கள். பழுதான காய்களைக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்தபின் எறியுங்கள்.

கத்தரியில் நுனித்தளிர் மட்டும் தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கும். தொங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிப் பிளந்தால் இளஞ்சிவப்புப் புழுவைக் காணலாம். தளிரில் இருக்கும்போதே வெட்டிவிட்டால் காய்க்குப் போகாது.

இலை தின்னப்பட்டிருக்கிறது

தேசியிலும் கறிவேப்பிலையிலும் காக்கை எச்சம்போல் ஒன்று இலைமேல் ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவைபட்ட ஒரு செங்கொம்பு சட்டென்று வெளியே வந்து, புளித்த பழத்தின் வாடையை வீசிவிட்டு உள்ளே போகும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. நாலைந்து புழுக்களைக் கையால் எடுத்து அகற்றினால் போதும். செடி பெரிதாயிருந்தால் நான் விட்டுவிடுவதுண்டு.

இரவில் தின்று, மினுங்கும் கோட்டை விட்டுச்செல்வது நத்தை. ஆபிரிக்க இராட்சத நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் ஒரு வட்டப்புழுவை அது காவக்கூடும். மழை விட்ட இரவில் டோர்ச்சுடன் போய், கையுறையோடு பொறுக்கி உப்புநீர் வாளியில் இடுங்கள். மண்ணில் உப்பைத் தூவினால் நத்தையோடு செடியும் போகும்.

மருந்து வாங்க நேர்ந்தால்

இலங்கையில் விற்கப்படும் பீடைநாசினி ஒவ்வொன்றும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்யப்பட வேண்டும். சிட்டை மூன்று மொழியிலும் இருக்கும். பயிரின் பெயர், பீடையின் பெயர், அளவு, அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்கள் ஆகிய நான்கையும் வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள். சிறு போத்தலில் ஊற்றித் தரும் சிட்டையற்ற மருந்தை வாங்கவே வேண்டாம், வீட்டிலும் சோடாப் போத்தலில் மாற்றி வைக்க வேண்டாம். தவறி யாரேனும் விழுங்கினால் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையமும் இயங்குகிறது.

சாடித் தட்டுகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். தட்டிலுள்ள நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் முட்டை போகாது. தட்டின் சுவரில் ஒட்டி, உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள், அல்லது தட்டை மணலால் நிரப்புங்கள்.

எதிலும் அடங்காவிட்டால்

விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். மாதிரி கொண்டுசெல்வதானால் முற்றாகக் காய்ந்த இலையை எடுத்துச் செல்லாதீர்கள். அதில் நோய்க்குப் பின் வந்த பூஞ்சணம்தான் இருக்கும். சுகமான பகுதியும் நோயுற்ற பகுதியும் சந்திக்கும் இடம் சேர்ந்து வரும்படி வெட்டி, உலர்ந்த பத்திரிகைத்தாளில் சுற்றுங்கள். பொலித்தீன் பையில் இட்டால் போகும் வழியிலேயே அழுகிவிடும். வாடல் என்றால் வேரும் ஒரு பிடி மண்ணும் வேண்டும். கடைசியாக என்ன தெளித்தீர்கள், எந்தத் திகதியில் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். நான்காம் மாடி அன்ரி இதை மறந்துதான் இரண்டாம் முறையும் போகவேண்டி வந்தது.